வீ ப்ளே ஷூட்டிங் ரேஞ்ச்: குறி துள்ளுகிறது, சில்லு தப்புகிறது. ஃபான்சி-ஃபேருக்கு முன் தீர்க்க வேண்டும்

ரோஸ்ஹில்_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். வருடப்பிறப்பு ஃபான்சி-ஃபேரில் (விழாச் சந்தையில்) விளையாட்டு ஸ்டால் ஒன்று போடுகிறோம். ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: நின்டென்டோவின் வீ விளையாட்டுப் பெட்டிக்கு வந்த வீ ப்ளே டிஸ்கின் முதல் ஆட்டமான ஷூட்டிங் ரேஞ்ச். 8 வயது முதல் 15 வயது வரை சுமார் 40 பிள்ளைகள் வருவார்கள்.

சாமான்: ஐரோப்பிய பால் (PAL) முறை வீ ஒன்று, 43 அங்குல எல்ஈடி டிவி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள், ரிமோட் நான்கு. சென்சார் பார் டிவியின் தலைமேல். ஆடுபவர் நிற்கும் தூரம் ஒன்றரை மீட்டர்.

மூன்று சிக்கல்.

1. குறிவட்டம் திடீரென்று திரையின் வலது மூலைக்குத் தாவி, திரும்பி வருகிறது. மாலை நாலு மணிக்கு மேல் அதிகம்.
2. பலூன் சுற்றில் குறை இல்லை. மூன்றாம் சுற்றில் சில்லுகள் (களிமண் தட்டுகள்) பறக்கும்போது, வட்டம் சில்லின் மேலேயே இருந்தும் குண்டு தப்புகிறது.
3. போட்டி விதி. ஒருவர் ஆட்டமா, இருவர் ஆட்டமா?

ரிமோட்டை மாற்றிப் பார்த்தாயிற்று, பேட்டரியும் புதிது.

சென்சார்_சாமி

தம்பி, முதலில் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். சென்சார் பார் எதையும் உணர்வதில்லை. அது வெறும் விளக்கு. இரண்டு முனையிலும் ஐந்தைந்து அகச்சிவப்பு எல்ஈடி, இரு கொத்துக்கும் இடையில் சுமார் 20 செ.மீ. அவ்வளவுதான் உள்ளே. பார்ப்பது ரிமோட்டின் மூக்கில் இருக்கும் கேமரா. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அது உட்கார்ந்து, தனக்குத் தெரியும் ஒளிப்புள்ளிகளில் மிகப் பிரகாசமானவற்றை, அதிகபட்சம் நான்கை, நொடிக்கு 100 தடவை எண்ணி அனுப்புகிறது. வீ பெட்டி அதில் இரண்டை எடுத்து, அவற்றின் இடத்தையும் சாய்வையும் வைத்துக் குறிவட்டத்தை வரைகிறது.

இதிலிருந்து நோய் புரிந்திருக்கும். மூன்றாவதாக ஒரு புள்ளி கேமராவுக்குத் தெரிந்தால், பெட்டி சில நேரம் தவறான ஜோடியைப் பிடிக்கும். பிடித்த கணத்தில் வட்டம் தாவும். ரிமோட்டையும் பேட்டரியையும் மாற்றிப் பயனில்லை.

கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. வீ முகப்பில் கீழே இடது மூலையில் வட்டமான வீ பொத்தான், அதில் வீ செட்டிங்ஸ், அதில் சென்சார் பார், அதில் சென்சிட்டிவிட்டி. கறுப்புத் திரை வரும். ஆடுகிற இடத்தில் நின்று ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்டினால் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். இரண்டுதான். ரிமோட்டை மெதுவாக நான்கு பக்கமும் திருப்புங்கள். எந்தப் பக்கம் மூன்றாவது புள்ளி எட்டிப்பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் திருடன்.

பார் எரிகிறதா என்று பார்க்க, கைபேசியின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஊதாப் பொட்டாகத் தெரியும். வீ ஓடும்போது மட்டும்தான் எரியும் என்பது ஞாபகம் இருக்கட்டும். ஒரு கொத்து முழுதாக அணைந்திருந்தால் பார் போச்சு.

வாக்வா_வாணி

சாமி அண்ணன் சொன்னதோடு நம் வீட்டு வழக்கம் ஒன்றையும் சேர்க்கிறேன். டிவிக்குப் பக்கத்தில் சாமி மாடம் இருக்கிறதா? எரியும் திரி, சூடம், பழைய குண்டு பல்பு, ஹாலோஜன், எல்லாம் அகச்சிவப்பைக் கொட்டுபவை. காமாட்சி விளக்கு ஒன்று டிவி ஓரத்தில் இருந்தால் கேமரா அதையும் சென்சார் பாரின் தம்பி என்றுதான் நினைக்கும். எல்ஈடி பல்பும் குழல்விளக்கும் தொல்லை தராது. கூடத்தில் வருடப்பிறப்பு பூஜை விளக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால், ஆடுபவரின் முதுகுப் பக்கம் வையுங்கள், டிவியின் பக்கம் வேண்டாம்.

நாலு மணிக்கு மேல் என்றால் வெயில்தான். நம் மொரிஷியஸ் தீவில் ஐரோப்பியக் கையேட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். அங்கே தெற்கு ஜன்னல் வெயில் ஜன்னல். நாம் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம். சித்திரை முதல் ஆவணி வரை உச்சி வெயில் வடக்கே நிற்கும், மாலையில் மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாயும். டிவி வடக்கு அல்லது மேற்குச் சுவரோடு இருந்து, பக்கத்தில் ஜன்னலும் இருந்தால் அது நேராக ரிமோட்டின் கண்ணில் அடிக்கும். டிவியைக் கிழக்கு அல்லது தெற்குச் சுவருக்கு மாற்றுவது திரைச்சீலையை விட நல்லது. மெல்லிய சீலை கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை விட்டுவிடும். மாற்ற முடியாவிட்டால் அட்டையோ கம்பளியோ தொங்கவிடுங்கள்.

ரோஸ்ஹில்_குமரன்

நன்றி. பார்த்தாயிற்று. மூன்று புள்ளி தெரிகிறது, ரிமோட்டைத் தாழ்த்தினால் நான்கு. மேற்கு ஜன்னலை மறைத்ததும் மூன்றாவது போய்விட்டது. கீழே தெரியும் ஜோடி மட்டும் போகவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை.

சென்சார்_சாமி

கீழே ஜோடியாகத் தெரிகிறதா? டிவி கண்ணாடி மேசை மேல் இருக்கிறது, அல்லது தரை பளபளக்கும் டைல்ஸ். பாரின் பிம்பம்தான் அது. மேசைமேல் தடித்த துணி ஒன்றை விரியுங்கள், டிவிக்கும் ஆடுபவருக்கும் இடையில் ஒரு பாய் போடுங்கள். முடிந்தது.

பிறகு சென்சிட்டிவிட்டி. ஐந்து படி இருக்கிறது. ஏற்றினால் குறி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் 5-க்கு ஏற்றுவார்கள். ஏற்றும்போது மங்கலான வெளிச்சங்களும் கணக்கில் வரும், அதாவது திருடர்களும் உள்ளே வருவார்கள். ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு 2 அல்லது 3 போதும். புள்ளிகள் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

தூரம் பற்றி. அந்தக் கேமரா கிடைமட்டத்தில் சுமார் 33 டிகிரி பார்க்கும், அதை 1024 பங்காகப் பிரித்துச் சொல்லும். டிகிரிக்கு ஏறக்குறைய 31 பங்கு. 20 செ.மீ. இடைவெளி 1 மீட்டரில் 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், 2 மீட்டரில் 6-க்குச் சற்றுக் குறைவு, 3 மீட்டரில் 4-க்கும் கீழே. கிட்டே போனால் புள்ளிகள் அகன்று நிற்கும். மூலையைக் குறிவைக்கும்போது ஒரு புள்ளி பார்வைக்கு வெளியே வழுக்கிவிடும், வட்டம் தடுமாறும் அல்லது காணாமல் போகும். தூரப் போனால் புள்ளிகள் மங்கும், நெருங்கும். நிற்கச் சொல்லும் தூரம் 1 முதல் 3 மீட்டர். 43 அங்குலத்துக்கு ஒன்றரை மீட்டர் கிட்டத்தில்தான். 2 மீட்டரில் தரையில் டேப் ஒட்டுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஆட ஆட முன்னால் நகர்ந்துகொண்டே போவார்கள், கோடு கட்டாயம்.

பார் டிவியின் மேலா கீழா என்பதையும் அதே செட்டிங்கில் சொல்ல வேண்டும். மேலே வைத்துவிட்டு "கீழே" என்று விட்டால் வட்டம் உயரத்தில் தள்ளியே நிற்கும்.

பழைய_பீரங்கி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது பழைய பாடம். பறக்கிற தட்டைச் சுட வேண்டுமானால் தட்டுக்கு முன்னால் சுட வேண்டும். களிமண் தட்டு சுடும் மைதானத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். குண்டு போய்ச் சேர நேரம் ஆகும், அதற்குள் தட்டு நகர்ந்துவிடும். பிள்ளைகளைச் சில்லுக்கு ஒரு சில்லு அகலம் முன்னால் குறிவைக்கச் சொல்லுங்கள். பழகிவிடும்.

காத்ர்போர்ன்_கணக்கு

பீரங்கி அண்ணா, மைதானத்தில் சரி, இங்கே இல்லை. இந்த ஆட்டத்தில் குண்டு பயணம் செய்வதில்லை. பி பொத்தான் அழுந்திய கணத்தில் வட்டத்துக்குள் எது இருக்கிறதோ அதுதான் அடிபடும். பயண நேரம் பூஜ்யம். முன்னால் சுட்டால் காற்றைத்தான் சுடுவோம், தப்பாமல் அடித்துவந்த தொடரும் அறுந்துவிடும்.

குமரன் சொல்வது டிவியின் தாமதம். வீ அனுப்பும் படம் 60 ஹெர்ட்சில் 480 வரி, 50 ஹெர்ட்சில் 576 வரி, அதற்கு மேல் இல்லை. மஞ்சள் கேபிளில் வந்தால் ஒற்றை வரி ஒரு தடவை, இரட்டை வரி ஒரு தடவை என்று பின்னிப் பின்னி வரும். டிவி அதைப் பிரித்து, கோத்து, பெரிதாக்கி, மெருகேற்றித்தான் காட்டுகிறது. அதற்குள் ஆட்டம் முன்னே போய்விடுகிறது. 43 அங்குலத் திரையின் அகலம் 95 செ.மீ. சில்லு ஒன்று ஒன்றரை நொடியில் திரையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 63 செ.மீ. டிவி 80 மில்லி செகண்ட் தாமதித்தால், நீங்கள் காணும் சில்லை விட நிஜச் சில்லு 5 செ.மீ. முன்னால் போயிருக்கும். பலூன் மெதுவாக ஏறுவதால் அங்கே இது தெரியாது.

செய்ய வேண்டியவை, பலன் தரும் வரிசையில்:

டிவி மெனுவில் கேம் மோட் (படத்தை அதிகம் மெருகேற்றாமல் சீக்கிரம் காட்டும் முறை). அந்த உள்ளீட்டுக்கு மட்டும் தனியாகப் போட வேண்டியிருக்கும், வேறு உள்ளீட்டில் போட்டது இதற்குப் பொருந்தாது.

கூர்மை, சத்தம் நீக்கல், அசைவு மென்மை என்று என்னென்ன மெருகு இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைக்கவும்.

மஞ்சள் கேபிளுக்குப் பதில் பச்சை-நீலம்-சிவப்பு காம்பொனென்ட் கேபிள். போட்ட பிறகு வீ செட்டிங்ஸ், ஸ்கிரீன், டிவி டைப் போய் ஈடிடிவி அல்லது எச்டிடிவி தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கேபிள் மாற்றியும் பழைய படம்தான். புது டிவிகளில் அந்தத் துளையே இல்லை என்றால் எச்டிஎம்ஐ மாற்றி.

மஞ்சள் கேபிள்தான் இருக்கிறது என்றால் குறைந்தது 50 ஹெர்ட்சை 60-ஆக மாற்றுங்கள். ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்டுக்குப் பதில் 16.7.

பழைய_பீரங்கி

கணக்குத் தம்பி, உன் கணக்குப்படியே நிஜச் சில்லு 5 செ.மீ. முன்னால் இருக்கிறது. அப்போ 5 செ.மீ. முன்னால் சுடு என்று நான் சொன்னதில் என்ன தப்பு? காரணம் தப்பாக இருக்கலாம், வைத்தியம் சரிதானே.

காத்ர்போர்ன்_கணக்கு

பாதி சரி அண்ணா. எப்படிச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் விதம்: காத்திருந்து சுடுவது. வட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, சில்லு அங்கே வரும்போது அழுத்துவது. இப்படி ஆடினால் நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. திரையில் சில்லு வட்டத்தைத் தொடுவதற்கு 5 செ.மீ. முன்பே அழுத்த வேண்டும்.

இரண்டாம் விதம்: கூடவே ஓடிச் சுடுவது. சில்லின் வேகத்திலேயே வட்டத்தையும் நகர்த்தி, இரண்டும் ஒட்டிப் போகும்போது அழுத்துவது. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. திரையில் தெரியும் வட்டமும் பழைய படம்தான்! சில்லு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறதோ அவ்வளவே தாமதமாக வட்டமும் தெரிகிறது. நிஜச் சில்லு 5 செ.மீ. முன்னால் போயிருந்தால், அதே வேகத்தில் போகும் உங்கள் நிஜ வட்டமும் 5 செ.மீ. முன்னால் போயிருக்கும். தாமதம் தன்னைத்தானே தின்றுவிடுகிறது. திரையில் ஒட்டியிருந்தால் உள்ளேயும் ஒட்டியிருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. அழுத்தும் கணத்தில் கை நிற்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் சில்லைத் துரத்திப் பிடிப்பார்கள், பிடித்ததும் கையை நிறுத்தி, பிறகு அழுத்துவார்கள். நின்ற கணமே முதல் விதத்துக்குப் போய்விட்டோம். குமரன் சொன்ன "வட்டம் மேலேயே இருந்தும் தப்புகிறது" இதுவாகத்தான் இருக்கும். அழுத்திய பிறகும் கொஞ்ச தூரம் கை ஓடட்டும், கிரிக்கெட்டில் மட்டையை முழுக்க வீசி முடிப்பது போல.

பழைய_பீரங்கி

மைதானத்திலும் அதைத்தான் சொல்வோம், துப்பாக்கியை நிறுத்தாதே என்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: சில்லு கிளம்பிய உடனே அதைப் பிடிக்கப் பாயக் கூடாது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு கையை ஓட்ட ஆரம்பித்தால் போதும். பாய்கிறவன்தான் குண்டை வீணாக்குவான்.

காத்ர்போர்ன்_கணக்கு

அதில் சண்டை இல்லை. தாமதத்தை அளந்து பார்க்க விரும்பினால்: கைபேசியின் ஸ்லோ மோஷனை நொடிக்கு 240 படத்தில் வைத்து, ரிமோட்டின் பி விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுங்கள். விரல் அழுந்திய படத்திலிருந்து திரையில் சுட்ட அடையாளம் வரும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 4.2 மில்லி செகண்ட். 24 படம் என்றால் 100. இதில் ரிமோட், பெட்டி, டிவி மூன்றின் தாமதமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே கேம் மோட் போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் கேம் மோட் மிச்சப்படுத்திய டிவித் தாமதம்.

போபாசேன்_பாலு

இடையில் ஒரு கேள்வி. வீட்டில் பழைய நின்டென்டோவும் அந்த ஆரஞ்சு நிற ஸாப்பர் துப்பாக்கியும் வாத்து சுடும் டக் ஹன்ட் கேசட்டும் இருக்கிறது. அதையும் அதே ஸ்டாலில் வைக்கலாமா? துப்பாக்கி என்றால் பிள்ளைகள் இன்னும் கூடுவார்கள்.

சென்சார்_சாமி

எல்ஈடி டிவியில் ஒரு வாத்தும் விழாது. ஸாப்பர் வேலை செய்யும் விதமே வேறு. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் கண்ணுக்குக் கறுப்புக்குப் பிறகு வெள்ளை தெரிந்தால் அடி. இரண்டு வாத்து என்றால் கட்டமும் இரண்டு கணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து. இதெல்லாம் குழல் டிவியின் கணக்கு. படம் தாமதமாக வந்தால் துப்பாக்கி பார்க்கும் கணத்தில் கட்டம் திரையிலேயே இருக்காது. போதாக்குறைக்கு அதன் உள்சுற்று குழல் டிவியின் வரி வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே ஏற்கும், அதனால் பல்பைக் காட்டி ஏமாற்றவும் முடியாது. பழைய பெட்டி டிவி இருந்தால் கொண்டு வாருங்கள். நன்றாகவே வேலை செய்யும்.

ஷூட்டிங் ரேஞ்சில் நடுவில் பறக்கும் வாத்துகள் அந்த 1984-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு ஒரு வணக்கம்தான். நான்காம் சுற்றில் வரும் டப்பாக்களும் அதே ஆண்டு வந்த ஹோகன்ஸ் ஆலி என்ற சுடும் ஆட்டத்தை நினைவூட்டும். நின்டென்டோவுக்குச் சுடுகிற விளையாட்டு அதற்கும் முந்தியது. 1973-இலேயே ஜப்பானில் காலியான பவுலிங் கூடங்களில் ஒளித்துப்பாக்கியால் களிமண் தட்டு சுடும் அமைப்பை வைத்தார்கள்.

வாக்வா_வாணி

சாதனக் கதை போதும், ஆட்டத்துக்கு வருவோம். புள்ளி எங்கே கிடைக்கிறது என்று தெரியாமல் பிள்ளைகள் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆட்டம் வேகத்துக்குப் புள்ளி தருவதில்லை, தவறாமைக்குத் தருகிறது. தப்பாமல் அடுத்தடுத்து அடித்தால் போனஸ் ஏறிக்கொண்டே போகும். ஒரு குண்டு காற்றில் போனால் தொடர் அறுந்து அடியிலிருந்து ஆரம்பம். ஆகவே ஒரு குறியை விட்டுக்கொடுப்பதைவிட ஒரு குண்டை வீணாக்குவதுதான் பெரிய நஷ்டம். சந்தேகமாக இருந்தால் சுடாதே. இந்த ஒன்றைப் பலகையில் எழுதி ஒட்டினாலே பாதிப் பேரின் புள்ளி ஏறும்.

ஐந்து சுற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பலூன்: மெதுவாக ஏறும். இங்கேதான் தொடரைக் கட்ட வேண்டும். கீழே முளைத்த உடனே அடிக்கப் பாயாமல், திரையின் நடு உயரத்துக்கு வரும் வரை விடுங்கள். நடுவில் கேமராவுக்கு இரண்டு புள்ளியும் நன்றாகத் தெரியும், ஓரங்களைவிட வட்டம் அங்கே நிதானமாக நிற்கும்.

வட்டக் குறிப் பலகை: இதில்தான் மீ (வீயில் நாமே செய்துவைக்கும் கார்ட்டூன் ஆள்) முகம் உள்ள பலகைகளும் கலந்து வரும். முகத்தைச் சுட்டால் புள்ளி குறையும். அர்ச்சுனனுக்குக் கிளியின் கழுத்து மட்டும் தெரிந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே அது ஆகாது, கிளி மட்டும் தெரிந்தால் பக்கத்து முகத்தைச் சுட்டுவிடுவார்கள். வட்டத்தைப் பார்க்காமல் திரை முழுவதையும் பார்த்து, பலகை எது முகம் எது என்று பிரித்த பிறகு கையைக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் ஏற்கெனவே செய்து வைத்த மீக்களில் வட்ட முகமும் சிவப்புச் சட்டையும் உள்ளவற்றை நீக்கிவிட்டால் சின்னப் பிள்ளைகள் குழம்புவது குறையும். இது என் அபிப்பிராயம், விதி அல்ல.

சில்லு: மேலே கணக்குத் தம்பி சொன்னதுதான். கூடவே ஓடு, நிற்காதே.

டப்பா: எனக்குப் பிடித்த சுற்று. அடித்தால் டப்பா மேலே துள்ளும், மறுபடி அடிக்கலாம். எல்லோரும் அது ஏறும்போது இரண்டாவது குண்டைப் போடுவார்கள், அப்போதுதான் வேகம் அதிகம். ஏறி முடித்து, விழத் தொடங்குமுன் ஒரு கணம் நிற்பது போல் இருக்கும். அந்த உச்சியில் அடித்தால் தாமதமே கணக்கில்லை, நகராததற்கு ஏது முன்பின்? இரண்டு டப்பா இருந்தால் தாழ்ந்ததை முதலில். எத்தனை டப்பாவைக் காற்றில் வைத்திருக்க முயல்வது? பழகும் வரை ஒன்று, பழகியபின் இரண்டு. மூன்றாவதற்கு ஆசைப்பட்டால் மூன்றும் விழும்.

பறக்கும் தட்டு: வேற்றுக்கிரகவாசிகள் மீக்களைத் தூக்கிக்கொண்டு போக வருவார்கள். தட்டைச் சுட வேண்டும், தொங்குகிற மீயைத் தொடக் கூடாது. கீழ்ப் பாதியைக் குறிவைத்தால் கை கொஞ்சம் நழுவினாலும் மீதான் அடிபடும். தட்டின் மேல் விளிம்பைக் குறிவையுங்கள்.

வாத்து வந்தால் எல்லாரும் கையில் இருப்பதை விட்டுவிட்டு அதன் பின்னால் போவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் போனால் அடியுங்கள். திரையின் மறுகோடியில் போனால் அதைத் துரத்தித் தொடரைக் கெடுப்பது வாத்தின் விலைக்குக் கட்டாது.

மஹேபூர்_மைந்தன்

வாணி அக்கா, "கை கொஞ்சம் நழுவினாலும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் முழுப் பிரச்சினை. பி விசையைச் சுண்டி இழுக்கும்போது ரிமோட்டின் மூக்கு கீழே குனியும். ஒரே ஒரு டிகிரி குனிந்தாலும் 2 மீட்டரில் மூன்றரை செ.மீ. போய்விடும். குறி சரியாக இருந்தும் குண்டு எப்போதும் அடியில் விழுகிறது என்றால் காரணம் விரல்.

ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் அடியில் தாங்கணும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி இருக்கணும், மணிக்கட்டு அசையக் கூடாது, உடம்பு இடுப்பிலிருந்து திரும்பணும். விரல் நுனியால் மெல்ல அமுக்கணும், முழு விரலையும் சுற்றி இழுக்கக் கூடாது. ரப்பர் உறை தடிமனாக இருந்து சின்னக் கைக்கு விசை எட்டவில்லை என்றால் உறையைக் கழற்றுங்கள், மணிக்கட்டுக் கயிறு மட்டும் இருக்கட்டும். உறை மாட்டியே ஆடினால் அதன் வாய் மூக்குக் கண்ணாடியை மறைக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் ஆடியபின் கண்ணாடியில் விரல் ரேகை எண்ணெய் படியும், காய்ந்த பருத்தித் துணியால் துடைக்கணும்.

இன்னொன்று. குழலின் நேர்கோட்டைப் பார்த்துக் குறிவைக்காதீர்கள். ரிமோட்டின் முதுகை ஒரு கண்ணால் பார்த்து நீட்டுவார்கள் பெரிய பையன்கள், மெரினா கடற்கரையில் பலூன் சுடுகிற மாதிரி. ரிமோட் நீட்டும் இடமும் வட்டம் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு கண்ணும் திறந்து, திரையில் இருக்கும் வட்டத்தை மட்டும் நம்புங்கள்.

போபாசேன்_பாலு

இவ்வளவு தொல்லை எதற்கு? நின்டென்டோ சுவிட்ச் பெட்டிக்கு வந்த 51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ் டிஸ்க்கிலும் ஒரு ஷூட்டிங் கேலரி இருக்கிறதே. விளக்கும் வேண்டாம், பாரும் வேண்டாம்.

சென்சார்_சாமி

டிஸ்க் இல்லை பாலு, கார்ட்ரிட்ஜ். வெளிச்சத் தொல்லை இல்லை என்பது உண்மை, ஜாய்-கானில் (சுவிட்சின் கைக்கருவி) சுழற்சிமானிதான் குறி சொல்கிறது. ஆனால் அதற்கு டிவி எங்கே இருக்கிறது என்று தெரியாது, நீங்கள் திரும்பிய அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். கூட்டலில் பிழையும் சேரும், நடு மெல்ல நகரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் நடுவைச் சரிசெய்துகொண்டு இருக்க வேண்டும். தொல்லை அங்கும் உண்டு, வேறு தொல்லை. நகர்வு மோசமாக இருந்தால் சிஸ்டம் செட்டிங்சில் அசைவு அளவீட்டைச் சமதளத்தில் வைத்துத் திரும்பச் செய்யணும்.

ரோஸ்ஹில்_குமரன்

துணி விரித்து, பாய் போட்டு, கோட்டை 2 மீட்டருக்குத் தள்ளியதும் தாவல் நின்றது. கேம் மோட் போட்டு எண்ணினால் 31 படம் 19 ஆகிவிட்டது. பெரிய வித்தியாசம்.

இப்போது விதி. இருவர் ஆட்டம் வைத்தால் பார்க்கிறவர்களுக்குச் சுவாரஸ்யம், நேரமும் பாதி.

வாக்வா_வாணி

வேண்டாம். இருவர் ஆட்டத்தில் குறிகள் பொது. முந்தி அடித்தவருக்குப் புள்ளி. அடுத்தவர் பறித்த பலூனை நோக்கி நீங்கள் ஏற்கெனவே அழுத்தியிருந்தால் அது காற்றில் போன குண்டு. 8 வயதும் 15 வயதும் ஜோடி சேர்ந்தால் ஆட்டமே இல்லை. தகுதிச் சுற்றை ஒருவர் ஆட்டமாக வைத்து, புள்ளியை எழுதி, மேலே வந்த நான்கு பேருக்கு மட்டும் இருவர் ஆட்டம் வையுங்கள். கூட்டம் அப்போது கத்தட்டும்.

காத்ர்போர்ன்_கணக்கு

நேரம்: ஒரு முழு ஆட்டத்தை முன்கூட்டியே கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆள் மாறுவதையும் சேர்த்துத் தலைக்கு நாலு நிமிஷம் என்றால் 40 பேருக்கு 160 நிமிஷம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், மாலை போய்விடும். 8 முதல் 11 ஒரு பிரிவு, 12 முதல் 15 ஒரு பிரிவு. சமமாக வந்தால் மறு ஆட்டம். எல்லாரும் ஒரே ரிமோட்டில் ஆடணும், இன்னொன்று தயாராக இருக்கட்டும். பயிற்சி ஆட்டத்தைச் சேமித்த கோப்பில் ஏற்கெனவே பெரிய புள்ளி இருந்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து மிரள்வார்கள். வீ ப்ளே சேமிப்பை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். மற்ற ஆட்டங்கள் பூட்டிக்கொள்ளும், ஷூட்டிங் ரேஞ்ச் முதல் ஆட்டம் என்பதால் திறந்தே இருக்கும். உங்களுக்கு அது வசதிதான், யாரும் டாங்க் ஆட்டத்துக்குத் தாவ முடியாது.

மஹேபூர்_மைந்தன்

இரண்டாவது வீ கொண்டு வர யாராவது முன்வந்தால் நேரம் பாதியாகும். ஆனால் இரண்டு டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பாரும் சேர்ந்து நான்கு புள்ளி, முதல் நாள் கதை திரும்பும். முதுகோடு முதுகாகவோ, நடுவில் அட்டைத் தடுப்பு வைத்தோ பிரிக்கணும். ரிமோட் இணைப்பதும் ஒரு பெட்டி முடிந்த பிறகு அடுத்த பெட்டி. பேட்டரி மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தான், பெட்டியில் எஸ்டி மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தான், இரண்டையும் அழுத்தணும். எந்தப் பெட்டிக்கு எந்த ரிமோட் என்று நிற நூல் கட்டிவிடுங்கள்.

ரோஸ்ஹில்_குமரன்

கடைசியாக ஒன்று. அன்று பார் கம்பி யாராவது தடுக்கி அறுந்தால்? இரண்டு மெழுகுவர்த்தி வைத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

சென்சார்_சாமி

வேலை செய்யும். 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு சுடர், ரிமோட்டுக்கு வித்தியாசம் தெரியாது. 40 பிள்ளைகள், காகிதத் தோரணம், டிவி, அதன் நடுவில் திறந்த சுடர். நான் இருக்கும் கூடத்தில் விடமாட்டேன். யூஎஸ்பியில் ஓடும் பார் ஒன்றை வாங்கி டிவியின் யூஎஸ்பி துளையில் செருகி வையுங்கள், கம்பி தரையில் ஓடவே வேண்டாம். வாங்கும்போது இரண்டு கொத்துக்கும் இடைவெளி 20 செ.மீ. தானா என்று கைபேசிக் கேமராவில் பார்த்து அளந்து வாங்குங்கள். அகலம் கூடினால் ரிமோட் தான் கிட்டே நிற்பதாக நினைத்துக்கொள்ளும், கோட்டை இன்னும் பின்னால் தள்ள வேண்டி வரும்.